செட்டிநாட்டு வெயிலுக்கு ஏடி (தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்குமான) டயர்: புதிதாக வாங்குகிறவர்களுக்கு

“அண்ணே, வண்டிக்கு ஏடி டயர் போடலாம்னு இருக்கேன், எது எடுக்கட்டும்?” என்று கேட்டு வருகிற தம்பிகளில் முக்கால்வாசிப் பேர் பேச்சோடு பேச்சாகப் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டிவிடுவார்கள். பாறை மேல் ஏறி நிற்கும் ஜீப், உள்ளங்கை அகலத்துக்குப் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டை), பக்கவாட்டில் வெள்ளை எழுத்து. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மே மாசம் மத்தியானம் திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஆள் கூப்பிடப் போவீர்களா? போவேன் என்றால் அந்தப் படத்தை மூடிவிட்டு இதைப் படியுங்கள்.

நான் டயர் வியாபாரி இல்லை. காரைக்குடியைச் சுற்றிப் பழைய வீட்டுத் தூண், நிலை, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் என்று ஏற்றி இறக்குகிற வேலை. ஒரு பிக்கப், ஒரு பொலீரோ. டயரில் காசைக் கரைத்துத்தான் இதெல்லாம் தெரிந்துகொண்டேன், நீங்களும் கரைக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: உங்கள் ரோட்டை எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு மாசம் வண்டி எங்கெல்லாம் போனது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். தார் ரோடு எவ்வளவு, கப்பி எவ்வளவு, செம்மண் எவ்வளவு, கண்மாய்க் கரை எவ்வளவு. மனசில் போடும் கணக்கு எப்போதும் பொய் சொல்லும். தோப்புக்குப் போவதுதான் நினைவில் நிற்கும், தினமும் தேவகோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் போய் வருவது நிற்காது. நான் எழுதிப் பார்த்தபோது பொலீரோ நூற்றுக்கு எண்பத்தைந்து தார் ரோட்டில்தான் ஓடியிருந்தது.

டயர் மூன்று வகை. எச்டி என்பது ரோட்டு டயர்: பட்டன் நெருக்கமாக இருக்கும், ஆழம் 8, 9 மில்லிமீட்டர். ஏடி, அதாவது ஆல் டெரெய்ன், நடுவாந்திரம்: ஆழம் 10 முதல் 12 வரை, இடைவெளி அதிகம். எம்டி சேற்று டயர்: பெரிய பெரிய கட்டைகள், நடுவே விரல் போகும் பள்ளம். தாளில் தார் ரோடு பத்துக்கு ஒன்பது பங்கு வந்தால் எச்டியே போதும், அல்லது பட்டன் நெருக்கமான மெல்லிய ஏடி. பத்துக்கு மூன்று நான்கு பங்கு செம்மண்ணும் சரளையும் என்றால் ஏடி சரியான தேர்வு. எம்டி இந்தப் பக்கம் யாருக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் உள்வாய்க் களிமண்ணில் சிக்கும் நாலு நாளுக்காக மீதிப் பதினொரு மாசமும் அதை ஓட்டுவதா? அந்த நாலு நாள் டிராக்டர்காரரைக் கூப்பிட்டு இழுத்துக்கொள்ளலாம், மலிவு.

வெயிலுக்கும் பட்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டயர் சூடாவது பெரும்பாலும் வெளியிலிருந்து இல்லை, உள்ளேயிருந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே வரும் பகுதி பாரத்தில் நசுங்கி மேலே போனதும் விரிகிறது, அந்த நசுங்கலில் கொஞ்சம் சக்தி சூடாக மாறி ரப்பருக்குள்ளேயே தங்குகிறது. ரப்பர் சூட்டைச் சட்டென்று வெளியே விடாது. கட்டை எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்குச் சூடு உள்ளே அடைபடும், பட்டனுக்கு அடியில் எஃகு பெல்ட் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் அது போய்ச் சேரும். அக்னி நட்சத்திரத்தில் காற்றே 40 டிகிரியை ஒட்டி, தார் ரோடு 60ஐத் தாண்டி இருக்கும்போது அந்தச் சூடு இறங்குவதற்கு இடமே இல்லை. ஆகவே உங்கள் ரோட்டுக்குப் போதுமானவற்றில் எது ரொம்பச் சாதுவோ அதையே எடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்றால் இதை வையுங்கள். இல்லை, இன்னொன்றும் இருக்கிறது, காற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

(ஓடும்போது சூடு குறைவாகப் பிடிப்பது இயற்கை ரப்பர். அதனால்தான் லாரி டயரிலும் விமான டயரிலும் அது அதிகம் சேர்கிறது. மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குக் கடன் கொடுத்து, தோட்டத்தையே வாங்கி, அந்தக் காசில் வளவும் (நடுமுற்றம்) முகப்புமாக வீடு கட்டிய ஊர்க்காரர்களுக்கு நான் ரப்பரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.)

அடுத்து: டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 235/75 R15 என்று இருக்கிறதா? 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு பக்கச்சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது டிஸ்க்கின், அதாவது டயர் மாட்டும் சக்கரத்தின், விட்டம், அங்குலத்தில். இதற்குப் பின்னால் 109டி, 104எஸ் மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும் வரும், யாரும் பார்ப்பதில்லை. எண் தாங்கும் எடை: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900, 109 என்றால் 1,030, 112 என்றால் 1,120. எழுத்து வேகம்: க்யூ 160 கிலோமீட்டர், எஸ் 180, டி 190. நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை, ஆனால் வேக எழுத்து கூடினால் டயர் கூடுதல் சூட்டைத் தாங்கிப் பரிசோதனையில் தேறியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் நம்ம ஊருக்கு எஸ்ஸுக்குக் கீழே இறங்காமல் பாருங்கள்.

சில டயர்களில் டெம்பரேச்சர் என்று போட்டு ஏ, பி, சி என ஒரு தரம் இருக்கும். சூட்டைத் தாங்குவதில் ஏதான் மேல். அது இல்லையென்றால் மோசமான டயர் என்று நினைக்க வேண்டாம், எல்டி என்று ஆரம்பிக்கும் லோடு வண்டி டயர்களுக்கு அந்தத் தரம் போடும் கட்டாயம் கிடையாது. மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் மாதிரி ஒரு சின்னம் சில ஏடி டயரில் இருக்கும். அது பனியில் ஓட்டுவதற்கு. குன்றக்குடியில் பனி விழும் வரை அதற்காகப் பத்து ரூபாய் கூடுதலாகத் தர வேண்டாம்.

எல்டியா, சாதா டயரா என்பதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். எல்டி என்றால் தடிமன், தடிமன் என்றால் பலம், பலம் என்றால் கூடுதல் எடை தாங்கும் என்று ஒரே ஓட்டமாகப் போய்விடுகிறார்கள். அதே 235/75 R15 அளவில் எல்டி டயர் ஒன்றில் 104 என்றும் எக்ஸ்எல் (கூடுதல் எடைக்கானது) என்று போட்ட சாதா டயர் ஒன்றில் 109 என்றும் இருப்பதை நானே அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். சாதா டயரை லோடு வண்டியில் போட்டால் அதன் எடைக் கணக்கை 1.1ஆல் வகுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அப்படி வகுத்தாலும் 1,030 கிலோ 936 ஆகிறது, 900க்கு மேல்தான். எல்டியின் பலம் வெட்டுக்கும் குத்துக்கும் ஈடுகொடுப்பது. அதற்கு விலையாக எடை கூடும், ஓட்டம் கொஞ்சம் கட்டையாக இருக்கும், மைலேஜ் குறையும், காற்றும் கூடுதலாகக் கேட்கும். வீட்டு ஆட்களோடு பிள்ளையார்பட்டிக்குப் போய் வரும் வண்டிக்கு அது தேவையில்லை. செம்புராங்கல் குவாரிப் பக்கம் தினமும் போகிற வண்டிக்குத் தேவை, அந்தக் கல்லின் வெட்டு முனை பக்கச்சுவரை அரிவாள் மாதிரி கிழிக்கும்.

எடைக் கணக்கு, பின்னச்சுக்குத் தனியாக

நாலு டயரையும் கூட்டி “மூவாயிரத்து அறுநூறு கிலோ தாங்குமே” என்று சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல் ஏற்றினால் பாரம் முழுவதும் பின்னச்சில்தான் உட்கார்கிறது. கல் பார்க்கக் கைக்கு அடக்கமாக, கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கும், ஆனால் சிமென்ட்டும் மணலும்தானே, ஒரு வளவுக்கு வேண்டியதை ஏற்றினால் பிக்கப்பின் மூக்கு வானத்தைப் பார்க்கும். வண்டியின் பின்னச்சு எடை வரம்பு எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்து, அதைப் பாதியாக்கி, அதற்கு மேல் ஒரு நூறு கிலோவாவது தாங்கும் எண்ணுள்ள டயரை எடுங்கள். வரம்பை மீறி ஏற்றுகிறவர்களுக்கு எந்த டயரும் கிடையாது.

அளவைப் பெரிதாக்கும் ஆசை

பொலீரோவில் கம்பெனி கொடுப்பது 215/75 R15. ஊரில் பாதிப் பேர் 235/75 போட்டிருக்கிறார்கள். மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டரிலிருந்து 733.5க்குப் போகிறது, நாலு சதவீதத்துக்கு மேல். மீட்டரில் 80 காட்டும்போது வண்டி 83க்கு மேல் போகும், முழுசாக ஸ்டியரிங் ஒடித்தால் சில வண்டிகளில் உரசும், பிரேக்கும் கொஞ்சம் பின்வாங்கும். மூன்று சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. 235/65 R17 வரும் ஸ்கார்பியோவில் 245/65 R17 போட்டால் வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை, அது சரி. எதற்கும் ஒரு தடவை இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள், ஏதாவது ஆகிவிட்டால் அளவு மாற்றியதைக் காரணம் காட்டக்கூடாது பாருங்கள்.

முள்

வெளியூர்க் கட்டுரைகளில் இந்தப் பகுதியே இருக்காது. சீமைக் கருவேல முள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வெட்டிப்போட்ட கிளை காய்ந்து மண்ணில் புதைந்து கிடக்கும், முள் மட்டும் ஆணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். போன வருஷம் எங்கள் தெருமுனை பஞ்சர் கடையில் என் பின் டயரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் விட்டார்கள். ஒரு இடத்தில்தான் குமிழி வந்தது. கடைக்காரர் டயரை வெளியே எடுத்துக் காயவைத்து, உட்கார்ந்து, விரல் நுனியால் பட்டன் இடுக்கு இடுக்காகத் தடவிக்கொண்டே வந்தார். குறட்டில் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் வரிசையாக வைத்தார், ஏழு முள். “ஒண்ணுதான் உள்ள போயிருக்கு, மீதி ஆறும் பாதி வழியில நிக்குது, நீங்க ஓட்ட ஓட்ட உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும்” என்றார். ரோட்டு டயராக இருந்திருந்தால் ஏழில் நாலாவது உள்ளே போயிருக்கும். ஏடியின் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல் ரப்பருக்கு இந்த ஊரில் உண்மையான உபயோகம் முள்தான், பாறை ஏறுவது இல்லை.

முள் மெதுவாகக் காற்றைக் குடிக்கும். ஒரு ராத்திரிக்கு இரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கும், கண்ணுக்குத் தெரியாது, மத்தியானம் அதோடு நீங்கள் நூறு கிலோமீட்டர் போவீர்கள், அங்கேதான் வினை. பஞ்சர் பட்டன் பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒட்டலாம், டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து காளான் மாதிரி இருக்கும் பேட்ச் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து குத்தும் குச்சி வீடு போய்ச் சேரத்தான். பக்கச்சுவரில் முள் ஏறினால் ஒட்டுகிறேன் என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

வயசு

டயரின் வயசு பக்கச்சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கமாக இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம். கடையில் டயரைக் காட்டியதும் முதலில் இதைப் பாருங்கள். ஒரு பக்கம்தான் முழு எண்ணும் இருக்கும், திருப்பிப் பார்க்க வேண்டி வரலாம். நாலும் ஆறு மாசத்துக்குள் செய்ததாக இருந்தால் எடுங்கள். ஒரு வருஷம் தாண்டியதை விலை குறைத்துத் தந்தாலும் இந்த வெயிலுக்கு நான் எடுக்க மாட்டேன்.

செட்டிநாட்டில் டயர் தேய்ந்து சாவதைவிட வயசாகிச் சாவது அதிகம். பங்காளி வீட்டில் ஒரு வண்டி நிற்கிறது. ஆட்களெல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்தால் வண்டி வெளியே வரும், வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் பெரிது. போன தடவை வந்தவர் “பட்டன் புதுசு மாதிரி இருக்கே, மதுரை வரைக்கும் போயிட்டு வரலாம்ல?” என்றார். எண்ணைப் பார்த்தால் ஒன்பது வயசு. கை பேட்டரி விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன்: பட்டன் அடிவாரத்திலும் பக்கச்சுவரிலும் காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி மயிரிழை வெடிப்பு. ஓடும் டயரில் ரப்பருக்குள் கலந்திருக்கும் மெழுகு மேலே வந்து காக்கும், நின்றே கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பும் சரியாகக் கிடைப்பதில்லை. ஐந்து வயசுக்கு மேல் வருஷா வருஷம் கழற்றிக் காட்ட வேண்டும், பத்து வயசுக்கு மேல் எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் சொல்வது. வெயில் ஊரில் நான் ஆறு, ஏழிலேயே மாற்றிவிடுகிறேன். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

கடையில்

கம்பெனி எது என்று இவ்வளவு நேரம் சொல்லவில்லையே என்று இருக்கும். அப்பல்லோ ஆப்டெரா ஏடி, சியட் கிராஸ்டிரைவ், ஜேகே ரேஞ்சர், யோகோஹாமா ஜியோலேண்டர், காசு இருந்தால் பிஎஃப் குட்ரிச் கேஓ2 என்று வரிசை இருக்கிறது. உங்கள் அளவில், உங்கள் எடை எண்ணில், புதுத் தேதியில் காரைக்குடியிலோ மதுரையிலோ எது கையில் கிடைக்கிறதோ அதுதான் நல்ல டயர். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும். நாலும் ஒரே மாடல், ஒரே அளவு. முடிந்தால் ஐந்தாக எடுத்து, 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஸ்டெப்னியையும் சேர்த்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வால்வு புதுசு போடச் சொல்லுங்கள், வெயிலில் முதலில் வெடிப்பது அந்தச் சின்ன ரப்பர்தான், கடைக்காரர் கேட்காமல் போடமாட்டார். பேலன்சிங், அலைன்மென்ட் அன்றைக்கே. நைட்ரஜன் ஊற்றணுமா என்று கேட்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 பங்கு அதுதான், சும்மா கொடுத்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று

என் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். சில வருஷத்துக்கு முன் பிக்கப்பில் ஆசைப்பட்டு எம்டி போட்டிருந்தேன். மே மாசம், திருச்சிக்கு லோடு. கிளம்பும் முன் காற்றுப் பிடிக்கப் போன இடத்தில் பையன் “வெயில் காலம்ணே, நாலு குறைச்சே வைக்கிறேன், சூட்டுல தானா ஏறிக்கும்” என்றான். நானும் தலையை ஆட்டினேன். திருமயம் தாண்டியதும் பின்னாலிருந்து தப் தப் தப் என்று யாரோ கோணியால் அடிப்பது போல ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் பட்டன் பட்டையாக உரிந்து, உள்ளே எஃகுக் கம்பி பளபளவென்று தெரிகிறது. கையை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. வெடிக்கும் முன் நின்றது என் அதிர்ஷ்டம்.

அந்தப் பையன் சொன்னதை இங்கே பத்துப் பேரில் எட்டுப் பேர் நம்புகிறார்கள், அது நேர் தலைகீழ். காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கும், அதிகம் நசுங்கினால் அதிகம் சூடாகும், மேலே சொன்ன அதே கதை. அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் ஜீப்பில் போட்டவை, அவற்றில் ஒரு ரகத்தின் பேரே வில்டர்னஸ் ஏடி. பட்டன் உரிந்து வண்டி கவிழ்ந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டெக்சஸ், அரிசோனா, ஃபுளோரிடா மாதிரி வெயில் மாநிலங்களில்தான் அதிகம். டயரிலேயே குறை இருந்தது, அதோடு ஃபோர்டு 26 பிஎஸ்ஐ போதும் என்று சொல்லியிருந்ததும் பெரிய சண்டையானது. டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் வசதி அங்கே கட்டாயமானது அதற்குப் பிறகு வந்த சட்டத்தால்தான்.

சரி, எவ்வளவு வைப்பது? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் காலி வண்டிக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று என்று இருக்கும், அதுதான் அளவு. டயரில் மேக்ஸ் என்று போட்டிருப்பது டயரின் உச்ச வரம்பு, அதை வைக்கக் கூடாது. எல்டிக்கு மாறியிருந்தால் மட்டும் சீட்டு போதாது, டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைக் கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள், கூடுதலாகவே வரும்.

காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது சொந்த கேஜை வைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். சுமார் 5.5 டிகிரி சூட்டுக்கு ஒரு பிஎஸ்ஐ ஏறும், ஆக காலையில் 27 டிகிரியில் 35 வைத்தது மத்தியானம் டயர் 60ஐத் தொடும்போது 41 காட்டும். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் டயர் செய்கிறார்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தும்போது 41ஐப் பார்த்து பயந்து 35க்கு இறக்கிவிட்டால் மறுநாள் காலை அது 29ஆகத்தான் நிற்கும். யாராவது வால்வு மூடியைத் திருகினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில், மணலில் போக வேண்டி காற்றைக் குறைத்தால் தார் ரோடு ஏறும் முன் திரும்ப நிரப்ப வேண்டும். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியில் கிடக்கட்டும்.

புது டயர் போட்ட முதல் 300 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், அச்சிலிருந்து எடுக்கும்போது பூசிய வழுவழுப்பு தேய வேண்டும். டிஸ்க் நட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிடுங்கள். வண்டி வெயிலில் நிற்கிற வீடாக இருந்தால் தெற்கும் மேற்கும் பார்க்கும் டயர்கள் மேல் பழைய சாக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். எங்கள் ஆச்சி ஊறுகாய் ஜாடிக்குக் கட்டி வைத்திருந்த துணி ஒன்றைத்தான் நான் எடுத்துப் போட்டிருக்கிறேன், அதற்கு வாங்கிய திட்டு தனி.